பூசப் பூச

மூன்று முறை வெள்ளையடித்தோம்.
மூன்று முறையும் அலமாரியின் முதுகுக்குப் பின்னால்
அதே மூலையில் வந்து நின்றது,
மேலே அகன்று, கீழே ஒடுங்கி,
ஒரு பக்கத் தோளை மட்டும் தூக்கிக்கொண்டு.
பூசப் பூசப் பூசணம்.
உஷாங்கி அதற்கு 'குடித்தனக்காரர்' என்று பெயர் வைத்தார்.
வாடகைதான் வரக் காணோம் என்றார்.

பதூமியில் மழைக்குப் பஞ்சாங்கம் கிடையாது.
கருங்கடல் எழுந்து போய்
மலையில் முட்டிக்கொண்டு
திரும்பும் வழி தெரியாமல்
எங்கள் தலையில் விழும்.
வடக்குச் சுவர், நான்காம் மாடி.
துவைத்த போர்வை ஐந்து நாளாய்
படுக்கையறைக் கயிற்றில் தொங்குகிறது,
தொட்டால் யாரோ காய்ச்சல்காரர் கைபோல.
உப்பு ஜாடிக்குள் உப்பு அழுகிறது.
தீக்குச்சி மூன்றாவது உரசலுக்குத்தான் மனம் இரங்கும்.

சனிக்கிழமை கேத்தினோவின் கல்யாணம்.
கம்பளிக் கோட்டை எடுத்துத் திருப்பினால்
முதுகெல்லாம் பச்சைப் பொடி.
இவர் கருப்புச் சப்பாத்துக்கு
மீசை முளைத்திருந்தது.

சாமான் கடை சியாலா
வினிகர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:
காய்ந்ததைத் தேய்க்காதே, பறந்து போய்
அடுத்த அறையில் குடியேறும். முதலில் நனை.
முகத்தைக் கட்டிக்கொள்.
இதையும் பிளீச்சையும் சேர்த்துவிடாதே,
அதற்கு முன்னால் நீ கிளம்பிவிடுவாய்.

கிளம்பவில்லை.
அலமாரியை இழுத்தோம்,
தரையில் இரண்டு நீளக் கீறல்.
ஊற்றினேன், ஒரு மணி நேரம் காத்திருந்தேன்,
பழைய பல் பிரஷால் மூலையைத் துலக்கினேன்.
வீடே ஊறுகாய் ஆனது.
ஊதிப்போன வெள்ளையைச் சுரண்டச் சுரண்ட
எங்கள் மூன்றாம் பூச்சு, இரண்டாம் பூச்சு, முதல் பூச்சு,
எல்லாவற்றிலும் தோள் தூக்கிய அதே ஆள்.
அதற்கும் அடியில்
எங்களுக்கு முன் இருந்தவர்களின் பச்சை எண்ணெய் வண்ணம்.
அதில் ஒரு புள்ளி இல்லை.

சுரண்டியைக் கீழே வைத்தேன்.
அப்படியானால் இவர் எங்களோடு வந்தவர்.
எங்கள் மூச்சு, எங்கள் கஞ்சி ஆவி,
எங்கள் ஈரத் துணி.

அவர்கள் என்ன செய்தார்கள், நாங்கள் செய்யாதது?
குளியலறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தபோது
விடை தலைக்கு மேலேயே இருந்தது.

துறைமுகத்தில் உஷாங்கியை நிறுத்திய குளிர்காலம்.
தினமும் சண்டை, பணத்துக்கு, பணமில்லாததற்கு,
கரண்டி விழுந்த சத்தத்துக்கு.
காற்றுத் துளை வழியே எல்லாம்
மேல் வீட்டு ஃபெரீதேவுக்குப் போய்ச் சேரும் என்று
செய்தித்தாளைக் கசக்கி அடைத்தவள் நான்தான்.
வாயை மூட முடியவில்லை,
துளையை மூடினேன்.
பிறகு அவருக்கு வேலை வந்தது.
தாளை மறந்துவிட்டோம்.
மூடிய வீடு தன் ஈரத்தைத் தானே குடித்து
சுவரில் உமிழ்ந்துகொண்டிருந்தது.

ஸ்டூலில் ஏறிப் பிடுங்கினேன்.
பதினோரு வருடத்துக் கரி, சிலந்தி,
எப்போதோ காணாமல் போன ஒற்றைக் காலுறை.
ஒரு மெல்லிய காகிதத்தை அருகே நீட்டினேன்.
துளை அதைப் பிடுங்கி
மார்போடு ஒட்டிக்கொண்டது.
மேலே ஃபெரீதே பூனையைத் திட்டுவது
பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது.

இப்போது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இடம்.
மழையானாலும் காலையில் பத்து நிமிடம்
எதிரெதிர் சன்னல்கள் திறப்பு.
போர்வை குளியலறையில், கதவைச் சாத்தி,
துளைக்கு நேர் கீழே.

கல்யாணத்துக்குக் கோட்டில் வினிகர் மணத்தோடு போனார்.
திரும்பி வந்து, குடித்த வாயால்,
ஊரே மூக்கைப் பொத்தியது உன்னால்தான் என்றார்.
எனக்கும் ஏறியது. கத்தினேன்,
பதினோரு வருடத்துக்கும் சேர்த்து.
மேலே ஒரு நாற்காலி மெதுவாக நகர்ந்தது.

கேட்கட்டும்.
சுவர் காய்கிறது.